இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும்

காரின் முன்சக்கரங்கள் இரண்டும் நேராக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இருக்கக் கூடாது. முன்பக்கம் ஒரு தீக்குச்சிக் கனம் உள்நோக்கி இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது சக்கரங்கள் வெளியே விரியப் பார்க்கும். அந்தத் தீக்குச்சிக் கனம் அதற்குச் சரியாகப் போய்விடும். நிற்கும்போது லேசாகக் கோணலாக இருப்பதுதான் ஓடும்போது நேராக இருக்கும். ஸ்டேஷன் ரைட்டர் அண்ணாச்சி இதை எழுத வேண்டாம். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

என் பெயர் ரோச். பாளையங்கோட்டை ரோட்டில் வெள்ளத்துரை அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. முன்பக்க அலைன்மெண்ட் முழுக்க என் பொறுப்பு. என்னை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை, ஐயா. நானாகத்தான் வந்தேன்.

பாஸ்கல் அண்ணனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் ஓட்டிய கார் உப்பளக் கால்வாயில் கவிழ்ந்து, அவருடைய மனைவி ஹில்டா இறந்துபோனாள். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, ஓட்டியவரின் அஜாக்கிரதை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. உப்பளத்து ஆட்கள் வடம் கட்டி இழுத்தபோது முன் ஆக்ஸில் வளைந்துவிட்டது. அதற்கப்புறம் யார் குனிந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பாஸ்கல் அண்ணனும் "நான்தான் அவளைக் கொன்னுட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜாமீனில் கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறாராம். அவர் சொல்வது தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

கோயில் சாமியாரிடம் பாவமன்னிப்புக்குப் போயிருக்கலாம். அவர் மன்னிப்பார். ஆனால் விவரம் கேட்க மாட்டார். எனக்கு மன்னிப்பு அவசரமில்லை. விவரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கார். யுத்தத்துக்கு முந்திய ஆஸ்டின். பச்சை நிறம். பஞ்சுக் கம்பெனி மேனேஜராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. இப்போது வரும் கார்கள் மாதிரி இல்லை. முன்பக்கம் குறுக்கே ஒற்றை இரும்பு ஆக்ஸில், மாட்டுவண்டி மாதிரி. அதற்கு மேலே வில் பட்டை. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த தகடு ஒன்று இருக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அந்தத் தகடுதான் ஆக்ஸிலைக் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்த்து வைக்கிறது. அந்தச் சாய்வு இருந்தால், கையை விட்டாலும் சக்கரம் தானாக நேருக்கு வந்துவிடும். சைக்கிளில் கையை விட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். ஒர்க்‌ஷாப்பில் அதைக் கேஸ்டர் என்போம்.

அடுத்தது பாஸ்கல் அண்ணன். அவரை உங்களுக்குத் தெரியும். கொழும்புக்குப் போகும் தோணிகளில் தண்டலாக இருந்தவர். தோணிக்குத் தலைவரை எங்கள் பக்கம் தண்டல் என்போம். பிறகு சொந்தமாகத் தோணி வாங்கினார். நல்ல மனுஷன். மில்லில் இருந்து நின்ற பிறகு என்னை வெள்ளத்துரை அண்ணாச்சியிடம் சேர்த்துவிட்டதே அவர்தான். தோணி வந்தால் எனக்கும் ஒரு சோப்புக்கட்டி வரும். என்னைத் தவிர வேறு யாரையும் அந்தக் காரைத் தொட விட மாட்டார்.

ஆனால் அவருக்குக் கார் ஓட்ட வராது. ஹில்டாவே சொல்லுவாள். "அவுக கார் ஓட்டலை ரோச்சு, தோணி ஓட்டுதாக. ஹாரனுக்குப் பதிலா சங்கு ஊதாம இருக்காகளே, அதுவே பெருசு." பாஸ்கல் அண்ணன் அதற்கும் சிரிப்பார்.

நான் அலைன்மெண்ட் பார்த்து அனுப்புவேன். டயரில் சுண்ணாம்பு தடவி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஆணியால் கோடு இழுத்து, முன்னும் பின்னும் அளந்து, தீக்குச்சிக் கனத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவேன். கொஞ்ச நாளில் கார் திரும்பி வரும். இடது சக்கரம் மட்டும் கெட்டிருக்கும். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். ரிம்மில் கல் பட்ட வடு இருக்கும்.

"எங்க இடிச்சீங்க?"

"எங்கயும் இடிக்கலையே. வீட்டுல இருந்து புன்னைக்காயல், புன்னைக்காயல்ல இருந்து வீடு. நடுவுல ஒரு ஆட்டுக்குட்டியக்கூடத் தொடலை."

புன்னைக்காயல் ஹில்டாவின் அம்மா ஊர். பெட்ரோல் விலை ஏறிய பிறகு பாஸ்கல் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காரை எடுப்பார். பூசை முடிந்து இரண்டு பேரும் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். வேறு எங்கும் போகாத கார் ஏன் இப்படிக் கெடுகிறது என்று பார்க்க, ஒருமுறை நானும் கூடப் போனேன். அன்றைக்கு ஹில்டா பின்னால் உட்கார்ந்துகொண்டு எனக்கு முன்சீட்டை விட்டாள்.

முள்ளக்காடு தாண்டி உப்பளத்துக்கு நடுவே ரோடு போகிறது. இரண்டு பக்கமும் கடல்தண்ணீர் வரும் கால்வாய். அங்கே ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இடது ஓரத்தில் அந்தோணியார் குருசடி. குருசடி என்றால் சின்னக் கோயில். ஒரு சிலுவை, ஒரு சுரூபச் சிலை, ஒரு உண்டியல், அவ்வளவுதான். பாலம் வந்ததும் பாஸ்கல் அண்ணன் கியரை மாற்றினார். இடது கை கியரில் இருந்தது. குருசடி வந்தது. வலது கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து நெற்றியில் வைத்தார்.

நாங்கள் எல்லாரும் செய்வதுதான். குருசடியைத் தாண்டினால் சிலுவை போடாமல் போக மாட்டோம். ஆனால் அவர் அவசரமாகப் போடுகிறவர் இல்லை. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். பிறகு விரலைக் குவித்து முத்தம். கண்ணையும் மூடிக்கொண்டார். அத்தனை நேரமும் ஸ்டியரிங்கில் ஒரு கையும் இல்லை. கார் ரோட்டின் சரிவில் இடதுபக்கமாக ஒதுங்கியது. சக்கரம் குருசடியின் ஓரக்கல்லில் ஏறி இறங்கியது. பிறகு தானாக ரோட்டுக்கு வந்தது.

"பாத்தியால? அந்தோணியார் திருப்பி விட்டுட்டாரு" என்றார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான். கடல்ல மாதா கோயில் கோபுரம் தெரியுதப்ப எந்தத் தண்டலாவது சுக்கானப் பிடிச்சிட்டு நிப்பானா? கையெடுத்துக் கும்பிடுவான். என் தோணி இன்னைக்கு வரைக்கும் திசை மாறினது இல்லை."

தோணிக்குச் சுற்றிலும் கடல் இருக்கிறது. கொஞ்சம் விலகினால் யாருக்கும் நஷ்டமில்லை. கார் அப்படி இல்லை. காரைத் திருப்பி விட்டது அந்தோணியார் இல்லை, கேஸ்டர். நான் வைத்த தகடு. இத்தனை வருஷமும் அந்தோணியார் செய்வதாக அவர் நினைத்த வேலையை நான்தான் செய்துகொண்டிருந்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் ஹில்டாவைப் பற்றிக் கேட்பீர்கள். யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் அவளுக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் பேசினார்கள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் ரோச்சுக்கும் இன்னார் மகள் ஹில்டாவுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சாமியார் பூசையில் வாசிப்பார். மூன்று முறையும் வாசித்தால்தான் தாலி. எங்களுக்கு ஒரு ஓலை வாசித்தார்கள். நான் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் வாசித்தார். அந்த வாரத்தில்தான், நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு மில்லில் ராத்திரி ஷிப்டுக்குப் போவது அவர்கள் வீட்டுக்குத் தெரிந்தது. நான் மறைக்கவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

ஹில்டா அவள் அப்பாவிடம் கேட்டாளாம்: "பகல்ல தூங்குத மாப்பிள்ளைக்கு ஈ ஓட்டவா என்னையப் பெத்தீக?"

நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் அது ரொம்ப நாள் ஓடியது. நான் பகலில் படுத்திருந்தால் ஜன்னலுக்கு வெளியே எவனாவது ஈ ஓட்டுகிற மாதிரி துண்டை வீசிவிட்டுப் போவான். எனக்குத் தூக்கம் வராமல் போனது அதனால் இல்லை. ராத்திரி ஷிப்டுக்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை. மறு வருஷம் பாஸ்கல் அண்ணனுக்கும் அவளுக்கும் மூன்று ஓலையும் வாசித்துக் கல்யாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன். எனக்கு யார்மேலும் கோபமில்லை.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். மழை விட்டிருந்தது. உப்பளம் எல்லாம் தண்ணீர், கால்வாயும் நிறைந்து கிடந்தது. பாஸ்கல் அண்ணன் காரைக் கொண்டுவந்தார். வழக்கம்போல இடது சக்கரம். ஹில்டாவும் வந்திருந்தாள். கடைத்தெருவில் ஏதோ வாங்கிவிட்டு அப்படியே வந்தார்கள். வெள்ளத்துரை அண்ணாச்சி அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் ஜாக்கி வைத்துக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து எனக்கு அவளுடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"என்ன ரோச்சு, அன்னைக்கும் பகல்ல படுக்கை, இன்னைக்கும் பகல்ல படுக்கையா?" என்றாள்.

வெள்ளத்துரை அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். பாஸ்கல் அண்ணன், "சும்மா கெட ஏளா. அவன் படுத்தாத்தான் நம்ம காரு நிமிரும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். செருப்பு ஆடிக்கொண்டே இருந்தது, சிரிப்பு நின்ற பிறகும்.

நான் இடப்பக்கத்துத் தகட்டை உருவித் திருப்பிப் போட்டேன். தடித்த பக்கம் இருந்த இடத்தில் மெலிந்த பக்கம். வலப்பக்கத்தைத் தொடவில்லை. சக்கரங்களின் அந்தத் தீக்குச்சிக் கனத்தை உள்ளே இருந்து வெளியே மாற்றினேன். இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். இரண்டு கையாலும் பிடித்திருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. லேசாக இடது பக்கம் இழுக்கும். அந்தப் பழைய ஸ்டியரிங்கில் அது பெரிதாகவும் தெரியாது. கையை விட்டால் கார் இடது பக்கம் திரும்பும். திரும்பினால் மேலும் திரும்பும். தானாக நேருக்கு வராது.

இதைச் செய்ததற்குக் காரணம் இருந்தது. பாஸ்கல் அண்ணன் கையை விட்டு ஓட்டுவதை நிறுத்த வேண்டும். ஒரு நாள் எதிரே உப்பு லாரி வரும், இல்லை உப்பளத்துப் பெண்கள் வருவார்கள். யாராவது ஒருவர் அவருக்குப் பாடம் சொல்லித்தான் ஆக வேண்டும். வாயால் சொன்னால் கேட்கிறவர் இல்லை.

வாயாலும் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காரை இறக்கிக் கொடுக்கும்போது, "தகடு மாத்திப் போட்டிருக்கேன். இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும். ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓட்டுங்க, விட்டுறாதீங்க" என்றேன்.

"ரெண்டு கையாலதானே பிடிக்க முடியும். மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

வெள்ளத்துரை அண்ணாச்சியைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில்தான் நின்றார். இரண்டு கை என்று நான் சொன்னதை அவர் கேட்டார். சொன்னபடி செய்திருந்தால் இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளப் பாலத்துக்குப் போனேன். வேலை பார்த்துக் கொடுத்த வண்டியை ஒருமுறை ரோட்டில் பார்ப்பது என் வழக்கம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு உடைமரம் இருக்கிறது. அதன் நிழலில் நின்றேன். கார் வந்தது. என்னைத் தாண்டும்போது ஹில்டா பார்த்தாள். கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். நிறுத்தச் சொல்லவில்லையா என்று ரைட்டர் அண்ணாச்சி கேட்கிறார். கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பாலத்தில் கியர் மாறிய சத்தம் கேட்டது. பிறகு குருசடி.

ஓரக்கல்லில் ஏறவில்லை. அதற்கு முன்பே கரையில் இறங்கி இடது பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் படுத்துக்கொண்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நான் ஓடிப்போய் இறங்கினேன். மார்பு ஆழம்தான். ஆனால் அடியில் சேறு. பாஸ்கல் அண்ணன் மேலே இருந்த கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இடது கதவு சேற்றுக்குள் இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும், "ரோச்சு, வந்துட்டியால. அந்தோணியார்தான் உன்னைய அனுப்பினாரு. பிடில, பிடில" என்றார். இரண்டு பேரும் மூச்சை அடக்கி உள்ளே போய்ப் போய் இழுத்தோம். கடைசியில் என் கைக்குத்தான் கிடைத்தாள். கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்து குருசடித் திண்டில் கிடத்தியதும் நான்தான். அதுவரைக்கும் நான் அவளைத் தொட்டதில்லை.

உப்பளத்து ஆட்கள் வந்தார்கள். பாஸ்கல் அண்ணன் என் தோளில் சாய்ந்துகொண்டு, "கைய எடுத்துட்டேன்ல, நீ சொன்ன, நான் கைய எடுத்துட்டேன்" என்று அழுதார். நான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து அவர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊரே அவரைச் சுற்றி அழுகிறது. அடக்கத்தன்றும் அப்படித்தான். ஹில்டா யாரால் செத்தாள் என்றால் பாஸ்கலால் செத்தாள் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்கிறது. கல்லறையில் நான் பின்னால் நின்றேன். மண் போடும்போது என்னை யாரும் முன்னால் கூப்பிடவில்லை.

ஏன் இடப்பக்கம் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ரோடு இடது பக்கம் சரிந்திருக்கிறது, அதனால் இடது பக்கம் இழுக்க வைப்பது சுலபம். வலது பக்கமும் கால்வாய் இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது. வலது தகட்டைத் திருப்பியிருந்தாலும் கார் தண்ணீருக்குத்தான் போயிருக்கும். கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருந்திருக்கும். முடியாதது இல்லை.

ஆனால் வலது பக்கம் கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் அடியில் போவார். பாஸ்கல் அண்ணன் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? வேலை வாங்கிக் கொடுத்தவர், ஐயா. அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நான் கவனமாகத்தான் இருந்தேன். இடது சீட்டில் யார் உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியும். கால்வாயின் ஆழம் தெரியும். குருசடியில் அவர் கையை எடுப்பார் என்பது தெரியும். பாடம் சொல்லத்தான் செய்தேன் என்று சற்று முன்னால் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அது நான் ஒர்க்‌ஷாப்பில் எனக்கே சொல்லிக்கொண்டது. தெரிந்தே, அவளுக்காகவே செய்தேன். ஹில்டாவைக் கொன்றது நான்.

அதனால் பாஸ்கல் அண்ணனை வெளியே விட்டுவிடுங்கள். அவரை முன்னால் நிறுத்திச் சொல்லுங்கள், இது உம்முடையது இல்லை என்று. அவர் மேலே இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். வீடு அவருக்கு, தாலி அவருக்கு, காரில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் அடித்த கேலி எல்லாம் அவருக்கு. இதையும் அவரே எடுத்துக்கொண்டு போவது சரியில்லை.

இது கோபத்தில் செய்தது இல்லை. கோபம் இருந்தால் அத்தனை நாள் அவர்கள் காரை ஒழுங்காகப் பார்த்துக் கொடுத்திருப்பேனா? ஹில்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதலில் சொன்னேனே, அந்தக் காலத்துப் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில்தான் சொன்னேன். அது முடிந்துபோனது.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். ரைட்டர் அண்ணாச்சி, அவள் பெயரையும் என் பெயரையும் ஒரே வரியில் எழுதினால் நல்லது. கோர்ட்டில் வாசிக்கும்போது நடுவில் நிறுத்தாமல் வாசிப்பார்கள். முதலில் இங்கே மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் ஒருமுறை வாசிப்பார்கள், பிறகு திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் ஒருமுறை வாசிப்பார்கள் என்று வெளியே ஏட்டையா சொன்னார். அது போதும்.

இரண்டு ஓலைதான் பாக்கி இருந்தது.